மீன்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, நூலகம், ஏரிக்கரை என்று மீன்களையும் நீர்நிலைகளையும் பற்றிப் பேசப் போகும் இடமெல்லாம் என்னோடு ஒரு நோட்டுப் புத்தகம் வரும். பேச்சு முடிந்தபின் வரும் கேள்விகளை அதில் குறித்து வைப்பேன். சில வருடங்களில் ஒன்று புரிந்தது: ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே அடுக்கியிருக்கிறேன். எளிதானவை முதலில், வம்பானவை பின்னால். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

1. அக்கா, மீனுக்கு மூணு செகண்டுதான் ஞாபகம் இருக்குமாமே?

சிறுவர்கள் முதலில் கேட்பது அநேகமாக இதுதான். தொட்டியில் மீன் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் பதில் கிடைத்துவிடும். தீனி போடும் நேரம் நெருங்கினால் மீன்கள் முன்பக்கம் வந்து கூடி நிற்கும். மூன்று விநாடியில் எல்லாம் மறந்துபோகிற பிராணிக்கு இது எப்படி முடியும்?

ஒருமுறை தூண்டிலில் மாட்டிய கெண்டை, அதன்பிறகு மாதக்கணக்கில் தூண்டில் இரையைத் தொடாமல் ஒதுங்கியதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். வாயிலிருந்து நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் வில்லாளி மீனுக்கு மனித முகங்களை வேறுபடுத்தக் கற்றுக்கொடுக்க முடிந்தது என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. மற்ற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் துப்புரவு மீன், கண்ணாடியில் தன் கழுத்தடியில் ஒரு கறையைப் பார்த்துவிட்டு, அதைத் தரையில் தேய்த்துப் போக்கப் பார்த்தது என்று 2019-இல் இன்னொன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று விநாடிக் கதையை மட்டும் அவர்களில் யாரும் சொல்வதில்லை.

2. தண்ணிக்குள்ள மீன் எப்படி மூச்சு விடுது? தண்ணியிலேயே ஆக்சிஜன் இருக்குன்னு பாடத்துல வருதே, அதைப் பிரிச்சு எடுக்குதா?

இல்லை, தண்ணீர் மூலக்கூறை மீனால் உடைக்க முடியாது. சர்க்கரை கரைவதுபோலக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கொஞ்சம் தண்ணீரில் கரைந்திருக்கும். அதைத்தான் மீன் எடுத்துக்கொள்கிறது. வாய்வழியே நீர் உள்ளே போய், செவுள்களைக் கடந்து வெளியேறும். செவுளுக்குள் ரத்தம், நீர் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடுவதால் கிடைக்கிற ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது உறிஞ்சிவிடுகிறது.

கிடைப்பதே மிகக் கொஞ்சம் என்பதுதான் இங்கே முக்கியம். நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் இயல்பாகக் கரைந்து நிற்பதோ சுமார் 8 மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 8-ஆம் கேள்விக்கு வேண்டியிருக்கும்.

3. திமிங்கிலம் மீனா? ஜெல்லி மீன்? நட்சத்திர மீன்?

மூன்றும் மீன் இல்லை. திமிங்கிலம் நம்மைப் போலப் பாலூட்டி, மற்ற இரண்டுக்கும் முதுகெலும்பே கிடையாது. மறுபக்கம், குதிரை மாதிரி இருக்கும் கடல்குதிரையும் பாம்பு மாதிரி இருக்கும் விலாங்கும் அசல் மீன்கள்.

4. மொத்தம் எத்தனை வகை மீன் இருக்கு?

இதுவரை பெயரிட்டுப் பதிவு செய்தவை 35,000-க்கு மேல். முதுகெலும்புள்ள உயிர்களில் கிட்டத்தட்ட பாதி வகைகள் மீன்களே. வருடந்தோறும் புதியவை சேர்கின்றன. டைனோசர்களோடு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த சீலகாந்த் மீன், 1938-இல் தென்னாப்பிரிக்காவில் ஓர் இழுவைப் படகின் வலையில் வந்தது. அது ஏதோ விசேஷமான மீன் என்று முதலில் கண்டுகொண்டவர் அங்கிருந்த சிறிய அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த மார்ஜரி கோர்ட்னே-லாட்டிமர்.

நான் கூட்டங்களில் அழுத்திச் சொல்வது இன்னொரு கணக்கு. ஆறு, ஏரி, குளம் எல்லாம் சேர்ந்தாலும் பூமியின் பரப்பில் சுமார் 1 சதவீதம்தான். மீன் வகைகளில் ஏறக்குறைய பாதி அந்த 1 சதவீதத்துக்குள் வாழ்கின்றன. மீன் பாதுகாப்பு என்றால் எல்லோருக்கும் கடல்தான் ஞாபகம் வருகிறது. நெருக்கடி அதிகமாக இருப்பது நன்னீரில். மதிப்பிடப்பட்ட நன்னீர் மீன் வகைகளில் நாலில் ஒன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது.

5. கடல் எவ்வளவு பெரிசு! அதுல மீன் எப்படித் தீர்ந்துபோகும்?

500 வருடம் இதையேதான் சொன்னார்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில். அங்கே காட் மீன் அவ்வளவு குவிந்து கிடந்தது. 1950-களுக்குப் பிறகு பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. எங்கே கூட்டம் சேர்கிறது என்று காட்டும் கருவிகளும் வந்தன. மீன் குறையக் குறைய, மிச்சமிருந்த கூட்டத்தைத் தேடிப் பிடிப்பது சுலபமாகிக்கொண்டே போனது. அதனால் பிடிபட்ட அளவை மட்டும் பார்த்தவர்களுக்குச் சரிவே தெரியவில்லை. 1992-இல் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடத் தடை என்றுதான் சொன்னார்கள். அதை விலக்க 2024 ஆனது.

அதற்காக எல்லாக் கடலிலும் இதே கதை என்று நினைக்க வேண்டாம். உலகில் கணக்கெடுக்கப்படும் கடல் மீன் கூட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அளவு மீறிப் பிடிக்கப்படுகின்றன. மற்றவை தாக்குப்பிடிக்கின்றன. எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்கு வைத்து, அதை மீறாமல் பார்த்துக்கொண்ட இடங்களில் சரிந்த கூட்டங்கள் மீண்டிருக்கின்றன. கூட்டங்களில் இந்தப் பாதியையும் சொல்லாமல் விடக்கூடாது.

6. ஒரு மீன் லட்சக்கணக்குல முட்டை போடுதே, அப்புறம் எப்படிக் குறையும்?

லட்சம் போடுவதே லட்சமும் பிழைக்காது என்பதால்தான். ஒரு ஜோடி தன் ஆயுள் முழுக்க இடும் முட்டைகளில் சராசரியாக இரண்டு மட்டும் வளர்ந்து, திரும்ப முட்டையிட்டால் எண்ணிக்கை அப்படியே நிற்கும். மற்றதெல்லாம் யாருக்கோ இரை. அந்த இரண்டில் ஒன்றை நாம் கூடுதலாக எடுத்தாலே கணக்கு சரியத் தொடங்கும்.

எல்லா மீனும் லட்சம் போடுவதும் இல்லை. பல சுறாக்கள் ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகளோடு சரி. கிரீன்லாந்து சுறா பருவத்துக்கு வரவே 150 வருடம் ஆகும் என்பது 2016-இல் வந்த மதிப்பீடு. அதில் ஒன்று வலையில் போனால், அதன் இடத்தை நிரப்பப் போவது நம் பேரனின் பேரன் காலத்துச் சுறா.

7. சின்ன மீனைப் பிடிக்காதேங்கறீங்க. இப்போ பெரிசையும் விடுங்கறீங்க. அப்போ எதைத்தான் பிடிக்கறது?

நடுவில் இருப்பதை. கேட்டவர் சிரித்தார், ஆனால் பல நாடுகளில் விதியே அப்படித்தான் இருக்கிறது: இந்த நீளத்துக்குக் கீழும் கூடாது, அந்த நீளத்துக்கு மேலும் கூடாது. குஞ்சை விடச் சொல்வது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு தடவையாவது முட்டையிடட்டும் என்றுதான்.

பெரிய பெண் மீனை விடச் சொல்வது ஏன் என்று கேட்டால் ஒரு கணக்கு சொல்வேன். 2 கிலோ காட் மீன்கள் 28 சேர்ந்தால் 56 கிலோ. 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பெண் காட், அந்த 28-உம் சேர்ந்து இடுகிற அளவுக்கு முட்டையிடும். எடை பாதிதான், முட்டை சமம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது. இன்னொரு சிக்கலும் உண்டு. களவா வகைகளில் பல, பெண்ணாகப் பிறந்து பெரிதானபின் ஆணாக மாறும். கொடுவா அதற்கு நேர்மாறாக, ஆணாக இருந்து பெண்ணாகும். பெரிய மீனையே பொறுக்கி எடுத்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு பாலே அரிதாகிவிடும்.

8. எங்க ஏரியில மீனெல்லாம் செத்து மிதக்குது. யாரோ விஷம் கலந்துட்டாங்கதானே?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் இல்லாமை. 2-ஆம் பதிலில் சொன்ன 8 மில்லிகிராமை நினைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரோ உரமோ வந்து சேர்ந்த நீரில் பாசி பச்சையாகப் பெருகும். பகலில் அது ஆக்சிஜனை வெளியிடும், இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் ஆக்சிஜனைச் செலவழிக்கும். விடியும் முன் அளவு அடிமட்டத்துக்குப் போகும். நீர் சூடாக இருந்து, மேகமூட்டமும் சேர்ந்துகொண்டால், ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் செத்துவிடும்.

அதனால் போனவுடன் சிலவற்றைக் கவனியுங்கள். சாவு தொடங்கியது விடியற்காலையிலா? உயிரோடு இருப்பவை மேலே வந்து வாயைப் பிளந்து திணறுகின்றனவா? பெரிய மீன்கள் முதலில் செத்து, குஞ்சுகள் பிழைத்திருக்கின்றனவா? ஆம் என்றால் ஆக்சிஜன்மேல் சந்தேகம் வலுக்கும். எந்த நேரத்திலும், எல்லா அளவிலும், நத்தை தவளை உட்பட எல்லாம் செத்திருந்தால் விஷத்தைப் பற்றி யோசிக்கலாம். நேரம், இடம், வகை குறித்துப் படம் எடுத்து, மீன்வளத் துறைக்கோ மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கோ அன்றே சொல்லுங்கள். காரணம் தெரியும்வரை செத்த மீனை யாரும் எடுத்துச் சமைக்க வேண்டாம். சில மணி நேரத்தில் தடயம் போய்விடும் என்பதால், யார் செய்தது என்ற வாக்குவாதத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

9. தொட்டி மீனை வளர்க்க முடியலை. ஏரியில விட்டா அது பாட்டுக்குப் பிழைச்சுக்குமே, நல்லதுதானே?

நல்ல மனதோடு கேட்கிறார்கள், அதனால்தான் இந்தப் பதில் எனக்குக் கஷ்டம். வேண்டாம். பல மீன்கள் செத்துப்போகும், அது மீனுக்குத் துன்பம். பிழைத்தால் ஏரிக்குத் துன்பம். கிண்ணத்தில் விரல் நீளம் இருக்கும் தங்கமீன் ஏரியில் ஓரடிக்கு மேல் வளரும், அடிமண்ணைக் கிளறி நீரைக் கலங்கடிக்கும். 2021-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் நகராட்சி, 'தயவுசெய்து தங்கமீனை ஏரியில் விடாதீர்கள்' என்று படத்தோடு கேட்டுக்கொண்டது. படத்தில் இருந்த மீன்களைக் கையில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்னும் மோசமான கதை சிங்க மீனுடையது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களைச் சேர்ந்தது. 1985-இல் ஃபுளோரிடா கரையில் முதன்முதலாகத் தென்பட்டது. அலங்காரத் தொட்டியிலிருந்து யாரோ விட்டிருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. இன்று கரீபியன் கடல் முழுக்க அதுதான். சிறு பவளத்திட்டுகளில் ஒரு சிங்க மீனை விட்டுப் பார்த்தபோது, ஐந்து வாரத்தில் அங்கே புதிதாக வந்து சேரும் உள்ளூர் மீன் குஞ்சுகள் 79 சதவீதம் குறைந்தன.

முடியவில்லை என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கிற வேறொருவரிடம் கொடுங்கள். தொட்டித் தண்ணீரையும் செடியையும்கூட வாய்க்காலில் கொட்டக்கூடாது. நோயும் நத்தை முட்டையும் அதோடு போகும்.

10. கொசு ஒழிய கம்பூசியா மீன் விடச் சொல்றாங்களே?

வட அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கக் கொண்டுபோய் விடப்பட்ட மீன் அது. இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இருக்கிறது. கொசுப்புழுவைத் தின்னும், கூடவே மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் தின்னும். கொசுப்புழு தின்னும் சிறு மீன்கள் பெரும்பாலான குளங்களில் ஏற்கெனவே உண்டு. குளத்தைக் கெடுக்காமல் அவற்றை வாழவிட்டாலே போதும்.

11. நாங்க வருஷா வருஷம் மீன் குஞ்சு வாங்கி ஆத்துல விடுறோம். அதையும் குத்தம் சொல்வீங்களா?

குற்றம் சொல்லவில்லை, மூன்று கேள்வி கேட்பேன். அது அந்த ஆற்றிலேயே பிறந்து வாழும் வகையா? அங்கே மீன் குறைந்ததற்குக் காரணம் என்ன, அது சரியாகிவிட்டதா? குஞ்சுகளின் தாய் தகப்பன் எங்கிருந்து வந்தவை? நடுக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. நீர் கெட்டதால் மீன் போயிருந்தால், புதுக் குஞ்சும் அதே வழியில் போகும். பிளாஸ்டிக் பையிலிருந்து குஞ்சு துள்ளி இறங்கும் படம் அழகாக இருக்கும். ஆறு மாதம் கழித்து யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

வேற்று வகையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விக்டோரியா ஏரி சாட்சி. 1950-களில் அங்கே நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனை விட்டார்கள். மீன்பிடித் தொழில் பெருகியது உண்மை. ஆனால் அந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிறு சிக்லிட் வகைகள் 1980-களில் சரிந்தன, பல மறைந்தே போயின. ஏரி மாசுபட்டதும் ஒரு காரணம்.

சொந்த வகையே ஆனாலும் பண்ணையில் வளர்ந்தது பண்ணைக்குப் பழகிவிடும். அமெரிக்காவின் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன்களை வைத்து 2007-இல் வந்த ஆய்வு, பண்ணையில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கையில் சந்ததி விடும் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் விழுகிறது என்றது. குஞ்சு விடும் பணத்தில் ஒரு சாக்கடை வாயை அடைத்தால் என்ன என்று நான் கேட்பது அதனால்தான். அதைப் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

12. தூண்டில்ல பிடிச்சுட்டுத் திருப்பி விட்டுடறேன். அதுல என்ன தப்பு?

எப்படி விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். மீனின் வழுவழுப்பு நோயைத் தடுக்கும் தோல்மேல் தோல், உலர்ந்த கையும் துணியும் அதை உரித்துவிடும். நீருக்கு வெளியே வைத்திருக்கும் நேரத்தைப் பத்து விநாடிக்குள் முடியுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கேமராவைத் தயார் செய்துவிட்டு மீனைத் தூக்குங்கள், மாற்றி அல்ல. நுனியில் எதிர்முள் இல்லாத கொக்கி நல்லது. கொக்கியை விழுங்கிவிட்டால் இழுக்காமல் தூண்டில் கயிற்றை அறுத்து விடுங்கள். நீர் சூடான நாட்களில் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடலாம், காரணம் 2-இல் இருக்கிறது.

அடுத்த கேள்வி 'அதுக்கு வலிக்குமா?' என்று வரும். உதட்டில் காயத்தை உண்டாக்கும் அமிலம் செலுத்திய ட்ரவுட் மீன்கள் உதட்டைக் கற்களில் தேய்த்தன, தீனியைத் தவிர்த்தன என்று லின் ஸ்னெடன் குழு 2003-இல் காட்டியது. அது நம் வலி போன்ற அனுபவமா என்பதில் இன்றும் விவாதம் ஓயவில்லை. வலிக்கும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

13. மனுஷனைத் தின்கிற சுறாவை எதுக்குக் காப்பாத்தணும்?

சீண்டாத நிலையில் சுறா கடித்து உலகம் முழுக்க வருடத்துக்குச் சாகிறவர்களை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நாம் கொல்லும் சுறாக்கள் வருடத்துக்கு ஏறத்தாழ 10 கோடி என்பது 2013-இல் வந்த மதிப்பீடு. குட்டிக் கணக்கு 6-இல் சொன்னது. சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. யார் யாருக்கு ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

14. நன்னீர் மீன்ல 81 சதவீதம் அழிஞ்சுபோச்சாமே?

இந்த எண்ணைச் சுவரொட்டியிலேயே தப்பாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். 2024-இல் வந்த அறிக்கை சொன்னது இது: இடம்பெயரும் நன்னீர் மீன்களில் கண்காணிக்கப்பட்ட கூட்டங்கள், 1970-லிருந்து 2020 வரை சராசரியாக 81 சதவீதம் சுருங்கியிருக்கின்றன. எல்லா நன்னீர் மீனும் கணக்கில் இல்லை. 100-க்கு 81 மீன் செத்தது என்றோ, 81 சதவீத வகைகள் ஒழிந்தன என்றோ அர்த்தமும் இல்லை.

ஓர் உதாரணம். ஒரு குளத்தில் 100 மீன் 10 ஆகிறது, ஒரு பெரிய ஏரியில் 10,000 மீன் 9,900 ஆகிறது. இரண்டு கூட்டத்தின் சரிவையும் சம எடை கொடுத்துச் சராசரி எடுத்தால் எண் பயங்கரமாக இருக்கும். மொத்த மீன்களோ 100-க்கு 2 கூடக் குறையவில்லை. சரி, அப்போது கவலைப்பட ஒன்றுமில்லையா? அந்தக் குளத்து மீன் கிட்டத்தட்ட போயேவிட்டதே. 81 என்பது அந்த மாதிரிக் குளங்கள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்று காட்டும் எண். அதைச் சரியாகச் சொன்னாலே போதும், ஊதிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை ஊதிப் பிடிபட்டால், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

15. அணையை எடுத்துட்டா மீன் திரும்பி வந்துடுமா?

சில இடங்களில் ஆச்சரியப்படும் வேகத்தில். அமெரிக்காவின் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024 இலையுதிர் காலத்தில் முடிந்தது. அடுத்த சில வாரங்களில் சினூக் சால்மன்கள், 1912-க்குப் பிறகு முதன்முறையாக, ஆரெகன் எல்லைக்குள் உள்ள மேல்பகுதிக்கு ஏறி வந்தன.

ஆனால் திரும்பி வர யாராவது மிச்சம் இருக்க வேண்டும். யாங்சி ஆற்றில் 7 மீட்டர் வரை வளர்ந்த சீனத் துடுப்பு மீனின் வலசைப் பாதையை 1981-இல் கெஜௌபா அணை மறித்தது. உயிரோடு கடைசியாகப் பார்த்தது 2003-இல். 2022-இல் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அணையைத் தாண்ட மீன் ஏணி, அதாவது படிப்படியான நீர்வழி, வைத்தால் போதாதா என்பார்கள். குதித்து ஏறும் சால்மனுக்கு உதவுகிற ஏணி, அடிமட்டத்தில் நீந்தும் பெரிய மீன்கள் பலவற்றுக்குச் சுவர்தான்.

16. பயங்கரமான படங்களைக் காட்டினாத்தானே ஜனங்களுக்கு உறைக்கும்?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். செத்த மீன், பிளாஸ்டிக் நிறைந்த வயிறு, எண்ணெயில் ஊறிய கரை. முதல் பத்து நிமிடம் 'ஐயோ' என்றார்கள், பிறகு கைப்பேசியை எடுத்தார்கள். தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று தோன்றினால் மனசு கதவைச் சாத்திக்கொள்ளும்.

பயத்தைவிடப் பெரிய தடை இன்னொன்று. வயல் காய்ந்தால் தெரியும், மரம் விழுந்தால் தெரியும். ஏரியில் ஒரு வகை மீன் இல்லாமல் போனால் மேலே நீர் அதேபோல் பளபளக்கும். அதோடு ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்ததையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-இல் இதைத்தான் நகரும் அடிப்படைக்கோடு என்றார். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் உல்லாசப் படகில் மீன் பிடித்தவர்கள் ஒரே துறையில் நின்று வருடக்கணக்கில் எடுத்துக்கொண்ட படங்களை லோரன் மக்லெனகன் அளந்தார். 1956-இல் தொங்கிய மீனின் சராசரி எடை ஏறத்தாழ 20 கிலோ, 2007-இல் 2.3 கிலோ. எல்லாப் படத்திலும் மனிதர்களின் சிரிப்பு மட்டும் ஒரே அளவு.

அதனால் இப்போது என் வழி வேறு. எங்கே போனாலும் வயதானவர்களிடம் 'நீங்கள் பிடித்ததிலேயே பெரிய மீன் எவ்வளவு நீளம்?' என்று கேட்டு, அந்த நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டச் சொல்வேன். பிறகு இளைஞர்களிடம் இன்னொரு கயிறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் நான் பேச வேண்டியதே குறைவு. நினைவில் மீன் கொஞ்சம் வளரும் என்பது தெரியும், அந்தக் கழிவு போனாலும் கயிறுகள் சமமாவதில்லை.

17. கடல்லயே கிடக்கிற மீனவங்களுக்கு நீங்க என்ன புதுசா சொல்லிக் கொடுக்கப் போறீங்க?

சொல்லிக்கொடுக்கப் போனால் அடி வாங்குவேன், கேட்கத்தான் போக வேண்டும். 1970-களில் ராபர்ட் ஜொஹான்னஸ் என்ற உயிரியலாளர் பசிபிக்கிலுள்ள பலாவு தீவுகளுக்குப் போய் மூத்த மீனவர்களோடு உட்கார்ந்தார். எந்த மீன் நிலவின் எந்த நாளில் எங்கே கூடி முட்டையிடும் என்று அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி, அதுவரை எந்த அறிவியல் இதழிலும் வராதது.

அவர்களே முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மெக்சிகோவின் காபோ புல்மோ இருக்கிறது. மீன் குறைந்துபோன அந்தக் கரையில் ஊர்க்காரர்களே முன்னின்று கேட்டு, 1995-இல் கடல் பூங்கா வந்தது. 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்குக்கு மேல் ஆனது. நான் மீனவர்களிடம் கொண்டுபோகும் சரக்கு இந்த மாதிரிக் கதைகள் மட்டுமே. பருவகாலத் தடையால் வருமானம் போகிறது என்று அவர்கள் சொன்னால் அதற்கு என்னிடம் படக்காட்சி கிடையாது. அந்த நஷ்டத்துக்கு வழி சொல்லாத திட்டம் நிற்காது என்று அவர்களோடு சேர்ந்து நானும் சொல்வேன்.

18. பிள்ளைகளை மீன் காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போனா ஏதாவது கத்துக்குமா, வேடிக்கைதானா?

போவதற்கு முன் ஒரு மீன் வரையச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் ஒரு முட்டை வடிவம், பின்னால் ஒரு முக்கோணம், ஒரு கண் போட்டு முடிப்பார்கள். பிறகு ஒரே ஒரு தொட்டி முன் பத்து நிமிடம் உட்காரவைத்துத் துடுப்பை எண்ணச் சொல்லுங்கள். சாதாரண மீனில் ஏழு இருக்கும்: மார்பில் இரண்டு, வயிற்றில் இரண்டு, முதுகில், பின்னடியில், வாலில் ஒவ்வொன்று. உடம்பின் நீளத்துக்கு ஓடும் மெல்லிய கோடு தென்படுகிறதா என்று கேளுங்கள். நீரின் அசைவை மீன் உணர்வது அந்தப் பக்கக்கோட்டால்தான். மறுபடி வரையச் சொன்னால் இரண்டாவது படம் வேறு மாதிரி இருக்கும். ஐம்பது தொட்டியை ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்த்த பிள்ளைக்குக் கடைசியில் ஐஸ்கிரீம்தான் நினைவிருக்கும்.

வகுப்பில் முட்டை பொரிக்கவைத்துக் காட்டலாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அனுமதி வாங்கி, உள்ளூர் வகையை வைத்து, வளர்ந்தபின் எங்கே போகும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால் அருமையான பாடம். முடிவு செய்யாமல் தொடங்கினால் அது 9-ஆம் கேள்வியில் போய் முடியும்.

19. இவ்வளவு பேசறீங்களே, ஏதாவது மாறுதா?

ஒரு நூலகத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்டது. வீட்டுக்குப் போயும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டுமே எழுதி வைத்திருந்தேன். நாற்காலி எண்ணுவதும் அதுவும் ஒன்றுதான்.

இப்போது இரண்டு வேலை செய்கிறேன். பேச்சுக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்வியைக் கேட்பேன், உதாரணமாக 'தொட்டி மீன் வேண்டாமென்றால் என்ன செய்வீர்கள்?' பின்னால் வரும் பதில்கள் எப்போதும் நன்றாகவே இருக்கும், நான் அங்கேயே நிற்கிறேனே. அதனால் முகவரி எழுதிய ஓர் அட்டையையும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து அவர்கள் செய்த ஏதாவது ஒன்றை எழுதி அனுப்பச் சொல்கிறேன். நூறு கொடுத்தால் ஏழெட்டு திரும்பி வரும். 'மீன் செத்ததைப் பார்த்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை, மறுநாளும் செய்தேன்' என்று ஒன்று. போன மாதம் வந்தது பென்சில் எழுத்தில் இருந்தது: 'தங்கமீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடை மாமா காசு தரவில்லை. நீங்கள் அதைச் சொல்லவே இல்லை.' அதற்கப்புறம் 9-ஆம் பதிலைச் சொல்லும்போதெல்லாம் காசு வராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.